வெட்டியெடுத்த பின் அறியப்பட்ட நோய்: அடினோமயோசிஸ் வரலாறும் தில்லியின் இரு தீர்ப்புகளும்

ஒரு நோய்க்குப் பெயரிடுவதற்கு முன் அந்நோய் குடிகொண்டிருந்த உறுப்பையே உடலிலிருந்து அகற்றியாக வேண்டும் என்ற நிலை மருத்துவ வரலாற்றில் அரிது. அடினோமயோசிஸ் அத்தகைய நோய். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1980கள் வரை, ஒரு பெண்ணுக்கு இந்நோய் இருந்தது என்று உறுதி செய்தவர் அவளிடம் பேசிய மருத்துவர் அல்லர். அவளுடைய கருப்பையை ஆய்வு மேசையில் பெற்றுக்கொண்ட நோய்க்கூற்றியலாளரே. நோயைக் கண்டறிதலும் கருப்பையை இழத்தலும் ஒரே நிகழ்வின் இரு முகங்களாக இருந்தன. கண்டறியும் வழி பின்னர் மாறியது. உறுப்பை அகற்றாமலே நோயைக் காணும் கருவிகள் வந்தன. அகற்றாமலே தணிக்கும் மருந்துகளும் வந்தன. ஆயினும் பழைய நிலை உருவாக்கிய சிந்தனைப் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. அந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளத் தில்லி நகரின் மருத்துவ வரலாறும், அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2008இலும் 2023இலும் வழங்கிய இரு தீர்ப்புகளும் பெரிதும் துணைபுரிகின்றன.

தசைக்குள் புகுந்த அகவுறை

கருப்பையின் சுவரில் மூன்று அடுக்குகள் உள்ளன. குழியை ஒட்டி, மாதந்தோறும் தடித்து உதிரும் அகவுறை. நடுவில் வலிய தசைச்சுவர். புறத்தே மெல்லிய மேலுறை. அகவுறைக்குரிய சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் தம் எல்லையைக் கடந்து தசைச்சுவருக்குள் ஊடுருவிக் கிடக்கும் நிலையே அடினோமயோசிஸ் எனப்படுகிறது. இடம் மாறிய அத்திசு அங்கும் ஈஸ்ட்ரோஜனின் தூண்டலுக்கு ஆட்படுகிறது. சுற்றியுள்ள தசை பருக்கிறது. கருப்பை உருண்டு பெரிதாகிறது. மிகுந்த உதிரப்போக்கு, மாதவிடாய்க் காலத்தில் கடும் வலி, உடலுறவின்போது வலி, சிலரிடத்தில் கருத்தரிப்பதில் தடை ஆகியன இதன் விளைவுகள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

திசு ஏன் எல்லை கடக்கிறது என்ற வினாவுக்கு இன்றும் ஒரே விடை இல்லை. அகவுறையின் அடித்தளம் தசைக்குள் நேரடியாக இறங்குகிறது என்பது ஒரு கருத்து. கருப்பையின் ஓயாத சுருக்கங்களால் இரு அடுக்குகளின் சந்திப்பில் நுண்காயங்கள் ஏற்பட்டு, அவை ஆறும் போக்கில் எல்லை குலைகிறது என்பது மற்றொரு கருத்து. கருவளர்ச்சிக் காலத்தில் எஞ்சிய திசுவே பின்னர் இவ்வாறு உருமாறுகிறது என்பாரும் உளர். 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இத்திசுவில் கேராஸ் என்னும் மரபணுவின் பிறழ்வுகளைக் கண்டனர். புற்றுநோய்களில் அடிக்கடி காணப்படும் அந்தப் பிறழ்வு, புற்றுநோய் அல்லாத இந்நோயிலும் காணப்பட்டது வியப்புக்குரிய செய்தி.

'ஓமா'விலிருந்து 'ஓசிஸ்' வரை

இந்நோயின் பெயர் வரலாறு மொழியியலாருக்கும் உரிய செய்தி. 1860இல் வியன்னாவில் காரல் ஃபான் ரோகிடான்ஸ்கி, கருப்பைத் தசைக்குள் சுரப்பிகள் இருந்ததை விவரித்தார். அதனைச் சார்கோமா வகைக் கட்டியாகவே பெயரிட்டார். 1896இல் ஸ்ட்ராஸ்பர்க்கைச் சேர்ந்த ஃபிரீட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் 'அடினோமயோமா' என்ற பெயரில் இத்தகைய கட்டிகளைத் தொகுத்து எழுதினார். அவை கருவளர்ச்சிக் கால எச்சங்களிலிருந்து தோன்றுகின்றன என்பது அவர் முடிபு. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய தாமஸ் கல்லன் அதை மறுத்தார். அறுவையில் பெற்ற கருப்பைகளை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வரிசையாகத் தொடர்ந்து பார்த்து, தசைக்குள் இருக்கும் சுரப்பிகள் அகவுறையோடு தொடர்பறாமல் இணைந்திருப்பதைக் காட்டினார். 1908இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடித்தளமாயிற்று. 1925இல் வியன்னாவின் ஆஸ்கர் ஃபிராங்கல் 'அடினோமயோசிஸ்' என்ற சொல்லை நிலைநிறுத்தினார்.

கிரேக்க மொழியில் 'அடென்' என்பது சுரப்பி. 'மிஸ்' என்பது தசை. 'ஓமா', 'ஓசிஸ்' இரண்டும் ஈறுகள். முன்னது மருத்துவ மொழியில் பெரும்பாலும் கட்டியைக் குறிக்கும். பின்னது ஒரு நிலையை, பரவிக் கிடக்கும் தன்மையைக் குறிக்கும். ஈறு மாறியபோது நோயைப் பற்றிய கருத்தும் மாறியது. கட்டி என்றால் அதற்கு விளிம்பு உண்டு; அதனைச் சுற்றி அறுத்து எடுத்துவிட்டு, எஞ்சிய உறுப்பைத் தைத்து வைக்கலாம். பரவிய நிலைக்கு விளிம்பு இல்லை. எது நோய், எது உறுப்பு என்று பிரித்துக் காட்ட இயலாதபோது உறுப்பு முழுவதையும் எடுப்பதே இயல்பான முடிவாகத் தோன்றும். ஃபிராங்கலின் சொல் நுண்ணோக்கியின் உண்மைக்கு நெருக்கமானதுதான். ஆனால் அச்சொல்லோடு, முழு நீக்கமே முழுத் தீர்வு என்ற எண்ணமும் உடன் வந்தது.

இதே காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஜான் சாம்ப்சன், கருப்பைக்கு வெளியே வளரும் அகவுறைத் திசுவை 'எண்டோமெட்ரியோசிஸ்' என்ற பெயரில் தனியே ஆராய்ந்தார். அது அறிஞர் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. அடினோமயோசிஸ் அதன் நிழலில் ஒதுங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டிலும் இந்நிழல் நெடுங்காலம் நீடித்தது. பத்தாம் பதிப்பில் அடினோமயோசிஸுக்குத் தனி இடம் இல்லை. 'கருப்பையின் எண்டோமெட்ரியோசிஸ்' என்ற தலைப்புக்குள் அது அடக்கப்பட்டது. பதினொன்றாம் பதிப்பில்தான் தனிக் குறியீடு கிடைத்தது. குறியீடு இல்லாத நோயைத் தனியே எண்ணவும் இயலாது.

பெரும்பாடு

திசுவைக் கொண்டு பெயரிடும் முறை வருவதற்கு முன் இத்துன்பத்திற்குப் பெயரே இல்லாதிருந்ததா எனின், இல்லை. சரக சங்கிதையும் சுசுருத சங்கிதையும் பெண் உறுப்புகளின் நோய்களை இருபது வகையாகப் பகுக்கின்றன. அவற்றுள் 'உதாவர்த்தம்' என்னும் வகையில், மாதவிடாய் கடும் வலியோடு வெளிப்படுவதும், உதிரம் வெளியேறியதும் வலி தணிவதும் கூறப்படுகின்றன. மிகை உதிரப்போக்கைக் குறிக்கும் 'பிரதரம்' என்ற வடசொல் 'பிரதர்' என்று இந்தியில் இன்றும் வழங்குகிறது. தமிழ்ச் சித்த மருத்துவத்தில் அதற்குரிய சொல் 'பெரும்பாடு'. தமிழ் விவிலியத்திலும் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண்ணின் நோய்க்கு அச்சொல்லே ஆளப்பட்டது.

பழைய சொற்களில் இன்றைய நோயைத் தேடிக் கண்டதாகக் கூறுவது வரலாற்றுப் பிழை. உதாவர்த்தம் அடினோமயோசிஸ் அன்று; பெரும்பாடும் அன்று. ஒரே அறிகுறி நார்த்திசுக்கட்டியாலும், இயக்குநீர்க் கோளாறாலும், புற்றுநோயாலும் வரக்கூடும்; பழைய சொற்கள் அவற்றைப் பிரித்தறியவில்லை. ஆயினும் அவற்றின் அமைப்பு கவனத்திற்குரியது. 'பாடு' என்பது படுவது, அனுபவிப்பது. 'பெரும்பாடு' என்ற சொல் நோயுற்றவளிடமிருந்து தொடங்குகிறது. 'அடினோமயோசிஸ்' திசுவிலிருந்து தொடங்குகிறது. முதலாவது நோயை நுட்பமாகப் பிரிக்க இயலாதது. இரண்டாவது நோயுற்றவளைக் காணாமலே சொல்லக்கூடியது. நவீன மருத்துவம் முதலாவதைக் கைவிட்டு இரண்டாவதை ஏற்றபோது துல்லியம் கிடைத்தது. பெண்ணின் கூற்று சான்றாக மதிக்கப்படும் இடமோ சுருங்கிற்று.

தில்லியின் மருத்துவமனைகளும் 'பிள்ளைக்கலமும்'

தில்லியில் பெண்களுக்கென நவீன மருத்துவம் நிறுவன வடிவம் பெற்றது 1880களில். கிறித்தவ மிஷன் பெண்களின் பணியிலிருந்து வளர்ந்த புனித ஸ்டீஃபன் மருத்துவமனை 1885இல் பழைய தில்லியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை வழங்கும் நோக்கில் டஃபரின் நிதியம் தோன்றியது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறிய பின், 1914 மார்ச்சில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்காக முயன்ற லேடி ஹார்டிங் அவ்வாண்டே மறைந்தார். 1916 பிப்ரவரி 7 அன்று 16 மாணவியருடன் கல்லூரி தொடங்கிற்று. முதல் முதல்வர் கேட் பிளாட். இளநிலை மருத்துவப் படிப்பில் அது இன்றும் மகளிருக்கே உரியது.

ஆண் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளத் தயங்கிய பெண்களுக்கு இந்நிறுவனங்கள் பெருந்துணையாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் முதன்மை நோக்கம் மகப்பேறு. பேறுகாலச் சாவும் சிசுச் சாவும் மிகுந்திருந்த காலத்தில் அது தவிர்க்க இயலாததே. பெண் மருத்துவம் என்றால் பிள்ளைப்பேற்று மருத்துவம் என்ற சமன்பாடு இதனால் உறுதிப்பட்டது; பிள்ளை பெறாத நாட்களிலும் பெண்ணின் உடல் வருந்தும் என்ற செய்தி பின்தள்ளப்பட்டது.

தில்லியின் நாட்டு வழக்கும் இச்சமன்பாட்டுக்கு இசைந்ததே. கருப்பைக்கு இந்தியில் மக்கள் வழங்கும் சொல் 'பச்சேதானி'. 'பச்சா' குழந்தை, 'தானி' என்பது வைக்கும் கலம். மருந்தகங்களிலும் வெளிநோயாளர் வரிசைகளிலும் அடினோமயோசிஸ் பெரும்பாலும் 'பச்சேதானியில் சூஜன்', அதாவது பிள்ளைக்கலத்தில் வீக்கம் என்றே விளக்கப்படுகிறது. தமிழும் இதற்கு விலக்கன்று. கருவைத் தாங்கும் பை என்பதே 'கருப்பை'. உறுப்பின் பெயரே அதன் பயனைக் கூறிவிடும்போது, அப்பயன் முடிந்தபின் உறுப்பு எதற்கு என்ற வினா தானே எழுகிறது. 'குழந்தைகள் பிறந்துவிட்டன அல்லவா, இனி அது எதற்கு' என்ற பேச்சு மருத்துவர் வாயிலும் குடும்பத்தார் வாயிலும் ஒருசேர ஒலிப்பது தற்செயல் அன்று. அதை அறிவியல் முடிவென்று கூற இயலாது. பெயரிலிருந்து பெறப்பட்ட முடிவு என்பதே பொருந்தும்.

மாதிரியில் மறைந்திருந்த பிழை

கருப்பை நீக்க அறுவை 20ஆம் நூற்றாண்டில் படிப்படியாகப் பாதுகாப்பானதாயிற்று. மயக்க மருந்து, கிருமி நீக்கம், இரத்தமேற்றல், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஆகிய நான்கும் சேர்ந்து, ஒருகாலத்தில் உயிராபத்தாக இருந்த அறுவையை அன்றாடச் செயலாக்கின. அறுவை பெருகப் பெருக ஆய்வு மேசைக்கு வரும் கருப்பைகளும் பெருகின. அடினோமயோசிஸ் பற்றிய அறிவும் பெருகியது. ஆனால் அந்த அறிவின் அடித்தளத்தில் ஒரு பிழை இருந்தது.

அகற்றப்பட்ட கருப்பைகளை மட்டும் ஆராய்ந்தால், அகற்றப்பட்ட பெண்களைப் பற்றி மட்டுமே அறிய முடியும். அறுவைக்கு உட்பட்டோர் பெரும்பாலும் நாற்பது வயதைக் கடந்தவர்கள், பல பிள்ளைகளைப் பெற்றவர்கள். எனவே அடினோமயோசிஸ் நாற்பதைக் கடந்த பலமுறை பெற்ற பெண்களின் நோய் என்று பாடநூல்கள் எழுதின. இருபது வயதுப் பெண் இதே வலியோடு வந்தால் அவளுடைய கருப்பை அகற்றப்படாது. ஆகவே அவளுக்கு இந்நோய் இருப்பதாக எந்த ஏட்டிலும் பதிவாகாது. பதிவு இல்லாததால், இளம் பெண்களுக்கு இது வருவதில்லை என்ற நம்பிக்கை வலுப்பெறும். இது மாதிரித் தேர்வு விளைவித்த மாயத்தோற்றம்.

எண்ணிக்கையும் அதே நிலையில்தான் இருந்தது. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் பேர்டும் உடன் பணியாற்றியோரும் 200 கருப்பைகளை ஆராய்ந்தனர். வழக்கமான சில சீவல்களை மட்டும் பார்த்தபோது சுமார் 31 விழுக்காட்டில் அடினோமயோசிஸ் தென்பட்டது. ஒவ்வொரு கருப்பையிலும் கூடுதல் சீவல்களை எடுத்துப் பார்த்தபோது அது 60 விழுக்காட்டைத் தாண்டியது. நோய் பெருகவில்லை, தேடல்தான் பெருகிற்று. அறுவையில் அகற்றிய கருப்பைகளில் இந்நோயின் அளவு 5 விழுக்காடு முதல் 70 விழுக்காடு வரை வெவ்வேறு ஆய்வுகளில் பதிவாகியிருப்பதற்கு, வரையறையிலும் தேடும் முறையிலும் உள்ள வேறுபாடு முக்கியக் காரணம்.

கருவி வந்தது, பார்வை வேறிடத்தில் இருந்தது

1980களில் காந்த அதிர்வுப் படமெடுப்பு, அதாவது எம்.ஆர்.ஐ, கருப்பையின் அகவுறைக்கும் தசைச்சுவருக்கும் இடையே ஒரு 'சந்திப்பு வலயம்' இருப்பதை முதன்முறையாக உயிருள்ள உடலில் காட்டிற்று. அடினோமயோசிஸில் அவ்வலயம் தடிக்கிறது. 12 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் நோய் இருக்கக்கூடும் என்ற அளவுகோல் 1990களில் பரவலாயிற்று. அதே பத்தாண்டில் யோனிவழி அல்ட்ராசவுண்டும் கூர்மை பெற்றது. உருண்ட கருப்பை, ஒருபுறம் மட்டும் தடித்த சுவர், தசைக்குள் நீர்ப்பைகள், விசிறி போன்ற நிழற்கோடுகள் ஆகியவை அடையாளங்களாயின. இவற்றை ஒரே சொற்களால் விவரிக்க 2015இல் வல்லுநர் குழு ஒன்று பொது மொழியை வகுத்தது. அதற்கு முன்பே 2011இல், பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு இயல்பற்ற உதிரப்போக்கின் காரணங்களை வகைப்படுத்தியபோது அடினோமயோசிஸுக்கு ஒரு தனி எழுத்தை ஒதுக்கியது. கருப்பையைத் தொடாமலே நோய்க்குப் பெயரிட இயலும் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ கருவி 1986இல் தில்லியில், அணு மருத்துவ மற்றும் சார் அறிவியல் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. அல்ட்ராசவுண்ட் அதைவிடப் பன்மடங்கு விரைவாக நகரெங்கும் பரவியது. ஆனால் அந்தக் கருவியின் பார்வை எங்கே பதிந்தது என்பதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சான்று கூறுகிறது. தில்லியில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 915 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் 868 பேரே இருந்தனர். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தும் இச்சரிவு நிகழ்ந்தது. கருப்பையின் சுவரைக் காட்டவல்ல கருவி, அச்சுவருக்குள் இருந்த கருவின் பாலினத்தைக் காணவே பெரிதும் நாடப்பட்டது. சுவரைப் பற்றி அறிக்கையில் எழுதப்பட்டது பெரும்பாலும் 'பல்கி யூட்டரஸ்', அதாவது பருத்த கருப்பை என்ற இரு சொற்களே. பருத்தது ஏன் என்பதை அத்தொடர் கூறாது. அகற்றச் சொல்வதற்கு மட்டும் அது போதுமானதாக இருந்தது.

அகற்றாமல் ஆற்றும் வழிகள்

இன்று மருத்துவர் கையில் உள்ள வழிகள் பல. ஜப்பானிய ஆய்வாளர் உடாக்கோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் அறிவித்த டிரானெக்சாமிக் அமிலம் உதிரப்போக்கைக் குறைக்கிறது. வலி நீக்கி மருந்துகள் வலியைத் தணிக்கின்றன. இவை அறிகுறியை ஆள்பவை. நோயின் போக்கை மாற்றுபவை அல்ல. பின்லாந்தில் உருவாக்கப்பட்டு 1990இல் அறிமுகமான, லெவோநார்ஜெஸ்ட்ரெல் சுரக்கும் கருப்பைச் சாதனம் கருத்தடைக்கென வந்தது. அது அகவுறையை மெலிவித்து உதிரத்தையும் வலியையும் குறைப்பதால் அடினோமயோசிஸ் சிகிச்சையிலும் முதன்மை பெற்றது. ஒருமுறை பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் செயல்படும். டையனோஜெஸ்ட் மாத்திரை மற்றொரு வழி. ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் ஊசிகள் குறுகிய காலத்திற்குப் பயன்படுகின்றன. எலும்பு மெலிவு, வெப்பத் தாக்கு போன்ற விளைவுகளால் நீண்ட காலத்திற்கு அவை ஏற்றவை அல்ல. கருப்பைத் தமனியை அடைத்தல், குவிந்த ஒலியலைகளால் திசுவைச் சுடுதல், நோயுற்ற தசைப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்துச் சுவரைச் சீரமைத்தல் ஆகியனவும் தேர்ந்த மையங்களில் செய்யப்படுகின்றன. இறுதியாகக் கூறிய அறுவையில், பின்னர் கருவுற்றால் கருப்பை கிழியும் ஆபத்து உண்டு.

கருப்பை நீக்கமும் இப்பட்டியலில் உள்ள ஒரு நேர்மையான வழியே. பிற வழிகள் பயனளிக்காதபோதும், பெண் அதனையே விரும்பும்போதும் அது பல ஆண்டுத் துன்பத்தை முடித்துவைக்கிறது. இந்தியச் சூழலில் மிகை உதிரப்போக்கைச் சிறிதாகக் கருதவும் இயலாது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அறுவையைப் பழிப்பது வரலாற்றுக்கும் நோயாளிக்கும் இழைக்கும் தீங்காகும். ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்த நோய் என்பதால் மாதவிடாய் முற்றாக நின்றபின் இது பெரும்பாலும் தணிகிறது. நாற்பதுகளின் பிற்பகுதியில் உள்ள பெண்ணுக்குச் சில ஆண்டுகளைக் கடக்கும் பாலமாக மருந்து அமையலாம். எந்தப் பெண்ணுக்கு எது பொருந்தும் என்பது அவளுடைய வயது, வலி, குழந்தை விருப்பம், பொருள்நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. ஆகவே, தேர்வு செய்பவர் யார் என்பதே முடிவான வினாவாகிறது.

1995: தில்லியின் ஓர் அறுவை அரங்கு

இவ்வினா இந்திய நீதிமன்றத்தின் முன் தெளிவாக வந்தது தில்லியில் நிகழ்ந்த ஒரு வழக்கில். அதில் பேசப்பட்ட நோய் அடினோமயோசிஸ் அன்று. அதன் உடன்பிறப்பான எண்டோமெட்ரியோசிஸ். ஆயினும் வழக்கின் அமைப்பு இங்கு விவரித்த வரலாற்றின் அமைப்பே.

1995 மே மாதத்தில், நீடித்த உதிரப்போக்கால் வருந்திய 44 வயதான, மணமாகாத பெண்மணி ஒருவர் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தை நாடினார். நோயறிவதற்கான லேப்பராஸ்கோப்பிக்கு அவர் ஒப்புதல் அளித்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது, அரங்கிலிருந்து வெளியே வந்த உதவி மருத்துவர் அவருடைய தாயிடம் கருப்பை நீக்கத்திற்கு ஒப்புதல் பெற்றார். கருப்பையும் இரு சூலகங்களும் சூற்குழாய்களும் அகற்றப்பட்டன. அப்பெண்மணி தொடுத்த வழக்கைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2003இல் தள்ளுபடி செய்தது. 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் எழுதிய தீர்ப்பில், மேல்முறையீட்டைப் பகுதியளவில் ஏற்றது.

தீர்ப்பின் சாரம் இது. நோயறியும் முறைக்கு அளித்த ஒப்புதல் சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது. உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது, அறிவுத்தெளிவுடைய வயதுவந்த பெண் தற்காலிக மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அவர் சார்பில் தாய் ஒப்புதல் அளிக்க இயலாது. அவர் கண்விழிக்கும் வரை காத்திருக்கலாம். ஒப்புதல் பெறுமுன் சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், குறிப்பிடத்தக்க ஆபத்துகள், மாற்று வழிகள், மறுத்தால் நேரும் விளைவு ஆகியவற்றை மருத்துவர் விளக்க வேண்டும். அவ்வறுவை நோய்க்குப் பொருத்தமானதாகவே இருந்திருப்பினும் ஒப்புதலின்மை அதனால் சீர்படாது. இழப்பீடு 25,000 ரூபாய். மருத்துவர் தம் கட்டணத்தைப் பெறவும் உரிமை இழந்தார்.

இழப்பீடு சிறிது என்றோர் உண்டு. அமெரிக்க மரபு போல எல்லா ஆபத்துகளையும் விளக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் நின்றுகொண்டதைக் குறைகூறியோரும் உண்டு. ஆனால் இத்தீர்ப்பு பிரித்துவைத்த இரண்டும், மருத்துவ வரலாறு நூறாண்டுகளாக ஒன்றாகப் பிணைத்து வைத்திருந்தவை: நோயைக் காண்பது ஒரு செயல், உறுப்பை எடுப்பது வேறொரு செயல். இடையே ஒரு பெண் கண்விழித்துப் பேச வேண்டும்.

2013–2023: எண்ணிக்கையின் சாட்சியம்

தனி ஒருவரின் வழக்கு அது. அடுத்த வழக்கு பல பெண்களைப் பற்றியது. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில், குறிப்பாக அரசுக் காப்பீட்டுத் திட்டங்களின் பணத்தை நாடித் தேவையற்ற கருப்பை நீக்கங்கள் நிகழ்ந்தன என்று மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் பொதுநல வழக்குத் தொடுத்தார். பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகத்தினர். 2023 ஏப்ரல் 5 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, நலவாழ்வுரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்பதை மீண்டும் உரைத்து, ஒன்றிய அரசு வகுத்த தடுப்பு வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதங்களில் ஏற்க வேண்டும் என ஆணையிட்டது. மாவட்டம், மாநிலம், நாடு என மூன்று நிலைகளில் கண்காணிப்புக் குழுக்களை அவ்வழிகாட்டுதல்கள் கோருகின்றன.

2015–16 தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பை நீக்கம் செய்துகொண்டதாகப் பதிவு செய்தது. மூன்றில் இரு பங்கு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நிகழ்ந்தவை. காரணம் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் கூறியது மிகை உதிரப்போக்கு அல்லது வலி. அதாவது, பெரும்பாடு. அந்த விடைகளுக்குப் பின்னால் அடினோமயோசிஸ் எத்தனை, நார்த்திசுக்கட்டி எத்தனை, மருந்தாலேயே தணிந்திருக்கக்கூடியவை எத்தனை என்பதைப் பிரித்துக் காட்டும் பதிவு அவ்வாய்வில் இல்லை. பெயர் அறியப்படாமலே உறுப்பு அகன்றுள்ளது. கல்லனின் காலத்தில் உறுப்பை எடுத்த பின்னராவது பெயர் கிடைத்தது. எடுத்த கருப்பை நோய்க்கூற்றியல் ஆய்வுக்கே செல்லாத இடங்களில் அதுவும் கிடைப்பதில்லை.

அடினோமயோசிஸின் வரலாற்றைக் கருவிகளின் வெற்றியாக எழுதுவது எளிது. நுண்ணோக்கி, ஒலியலை, காந்தப்புலம் என்று படிகளை அடுக்கினால் அது நேர்க்கோடாகவே தோன்றும். ஆனால் கருவி ஒவ்வொன்றும் திறந்துவிட்ட வாய்ப்பு, மருத்துவமனை மேசையில் ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்டதா என்பது தனி வரலாறு. அவ்வரலாறு சொற்களில் நிகழ்வது. 'பருத்த கருப்பை' என்ற தொடரோடு ஒரு பெண் தில்லியிலோ திருநெல்வேலியிலோ மருத்துவர் எதிரே அமரும்போது, அது எதனால் பருத்தது, அகற்றாமல் வேறு எவ்வழி உண்டு, காத்திருந்தால் என்ன ஆகும் என்ற மூன்று வினாக்களுக்கும் அவளுக்குப் புரியும் மொழியில் விடை பெற அவளுக்கு உரிமை உண்டு. 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவ்விடைகளை மருத்துவரின் கடமையாக எழுதிவைத்திருக்கிறது.